வீட்டில் அடித்த மணி

அத்தியாயம் பதினான்கு

"இதை அமுக்கினா யாரு எடுப்பாங்க?"

போன வாரம், தரைக்குக் கீழே இரண்டாவது அடித்தளத்தில், பம்புக் குழியை ஒட்டிய தூணில் அவள் போனை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டது. போனில் இருந்த பெரிய சிவப்பு பட்டனைத் தொடாமல், விரலை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"முதலுதவி ரூம் நர்ஸக்கா எடுப்பாங்க."

"அவங்க டீ குடிக்கப் போயிருந்தா?"

"மேஸ்திரிக்குப் போகும்."

"அந்த ஆளு எடுக்க மாட்டாரு. எடுத்தாலும் திட்டுவாரு."

"யாராவது எடுப்பாங்கப்பா," என்றாள் மகள்; வீட்டில் அவள் பெயர் பூனை.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அந்தக் கடைசி எழுத்துகள் காதில் விழுந்தன. ஒன்பது வருடமாக அவள் வாய் அந்தச் சொல்லைத் தொட்டதில்லை. அப்பா குழிக்குள் குனிந்து, கலங்காத தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவர் அவர். வளர்கிற இந்தக் கட்டடத்தில் அவருக்குப் பம்புக்காரர் என்று பெயர். ஊறி வருகிற தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது வேலை. அவரை இங்கே பார்த்ததை பூனை வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணனிடம் சொல்லப் பயம். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தான்: "எங்களுக்கு அப்படி ஒருத்தர் கெடையாது."

அண்ணன், கட்டட வேலை நடக்கிற இடங்களில் இன்டர்நெட் போன் போட்டுக் கொடுப்பவன். சுவரே எழும்பாத இடத்துக்குப் போன் லைன் எங்கிருந்து வரும்? அடித்தளத்தில் செல்போனும் எடுக்காது. அதனால் கம்பத்தில் ஓர் ஆன்டெனா, சைட் ஆபீஸாக இருக்கும் இரும்புக் கன்டெய்னரில் ஒரு பெட்டி, அதிலிருந்து கேட்டுக்கும் கிரேனுக்கும் அடித்தளத்துக்கும் கேபிள். கட்டடம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு அடுத்த சைட்.

பூனை பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த வேலையில் அவள் பேசத் தேவையில்லை; மற்றவர்கள் பேச வழி செய்தால் போதும். நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் அண்ணன் வைத்த பெயர்தான் பூனை. உலகத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் அண்ணனுடைய ஏணிதான்.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் போன் எதுவானாலும் சிவப்பு பட்டன் முதலில் "வீடு" என்றுதான் இருக்கும். அமுக்கினால் இவர்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இருக்கும் போன் அடிக்கும். அம்மா எடுத்து, "கேக்குது, வெச்சிடு" என்பாள். அதோடு சோதனை முடிந்தது. பிறகு அண்ணன் வந்து தானும் ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, கன்டெய்னரில் உள்ள பெட்டியில் "வீடு" என்பதை அழித்து "நர்ஸ்" என்று மாற்றுவான். பெட்டியைத் திறக்கிற ரகசிய எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அடித்தளத்துப் போனை மாட்டி முடித்ததும் அவள் அவனிடம், "கீழ எல்லாம் முடிஞ்சுது. நீ வர வேணாம்" என்றாள். வந்தால் அப்பாவைப் பார்ப்பானே. பட்டனை அவளே போனில் கையால் மாற்றினாள். அமுக்கினாள். நர்ஸக்கா எடுத்தாள். அப்பா சிரித்தார்.

ஆனால் மின்சாரம் நின்று வந்தால் போன் தன் நினைவை நம்பாது. பெட்டியைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். பெட்டியில் இன்னும் வீடுதான் இருந்தது.

இது பூனைக்கும் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டாள். நேற்று இரவு பெய்த மழையில் சைட் ஜெனரேட்டர் நின்று, விடிகாலையில் மறுபடி ஓடியது. இது மட்டும் அவளுக்குத் தெரியாது.

*

"சாயங்காலம் ரெண்டு பேரும் செருப்பை வாசல்லயே கழட்டுங்க," என்றாள் அம்மா. "பேய் மழை பேஞ்சிருக்கு. சைட்டுல இருக்கற சேறு பூரா இங்க வந்தா, பெருக்க எனக்கு நாலு கை கெடையாது."

"நாலு கை இருந்தா நாலு மெஷின்ல தைப்பே," என்றான் அண்ணன்.

"தைப்பேன். மொதல்ல உன் வாயைத் தைப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். மூன்று சைட்டுகளில் ஒரே சமயத்தில் வேலை. கண்ணின் ஓரங்கள் சிவந்திருந்தன.

"ஒரு நாள் படுத்துத் தூங்கேன்டா. கட்டடம் எங்க ஓடிப்போவுது?"

"கிரேன்ல போன் கொரகொரங்குதாம். கேட் போன்ல தண்ணி புகுந்திடுச்சாம். நான் தூங்கினா யாரு பாப்பாங்க?" டம்ளரை வைத்தான். "பூனை, அந்த ரெண்டாவது பேஸ்மென்ட் போனை நான் பாக்கவேயில்ல. இன்னைக்கி எட்டிப் பாத்துடறேன்."

"நான் பாத்துக்கறேன்," என்றாள் பூனை.

"நீ கேட்டைப் பாரு."

"ரெண்டையும் பாத்துக்கறேன்."

அம்மா நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்னடி இது? கேட்டாலே பதில் வராதவ, இன்னைக்கி முந்திக்கிட்டு பேசறே?"

பூனை எழுந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டாள். வழியில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பெட்டியில் மட்டும் மாற்றச் சொன்னால் போதும். ஆனால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்பான். அந்த ஏனுக்கு அவளிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. அது குழிக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

சைட் வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் அண்ணன் வேனிலிருந்து குதித்து, கேபிள் சுருளைத் தோளில் மாட்டி, கிரேன் ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டான்.

*

அம்மாவுக்குத் தையல் வேலை. மெஷின் அடுக்களைக் கதவை ஒட்டி இருந்தது. தலைக்கு மேலே அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் அந்தப் போன். அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பட்டன்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாளில் அண்ணனின் கிறுக்கல் எழுத்து.

மணி அடித்தது.

பல்லில் நூலைக் கடித்தபடியே எடுத்தாள். அண்ணன் கூப்பிட்டால், "அம்மா, ஒண்ணு ரெண்டு மூணு, கேக்குதா?" என்பான். பூனை பேச மாட்டாள். நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. அப்படியானால் பூனைதான்.

"கேக்குது, வெச்சிடு."

ஒரு ஓரம் தைத்து முடிப்பதற்குள் மறுபடியும் மணி.

"அதான் கேக்குதுன்னு சொன்னேனேடி. தண்ணி கொட்டற சத்தம்கூட கேக்குது. குழாயை மூடிட்டு வேலையைப் பாரு."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காலை மிதியில் வைத்தாள். அப்போதுதான் மனதில் ஏதோ இடறியது. நகத்தால் தட்டவில்லை. இரண்டு முறையும் தட்டவில்லை.

மூன்றாவது முறை அடித்தபோது எடுத்து, ஒன்றும் சொல்லாமல் காதில் வைத்தாள். தண்ணீர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு மூச்சு. வலியைப் பல்லுக்குள் பிடித்து வைத்திருக்கிற மூச்சு.

"யாரு?"

"நான்தான்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

அம்மா அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை பேசிப் பார்த்திருக்கிறாள். மெஷின் ஓட ஓட, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல். ஒவ்வொரு முறையும் அவள்தான் நிறையப் பேசுவாள். அவர் தலை குனிந்து நிற்பார். கேள்விகள் எல்லாம் மடித்து அடுக்கிய துணி மாதிரி தயாராக இருந்தன. இப்போது ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

"நீ எடுப்பேன்னு தெரியாது," என்றது குரல். "நர்ஸுக்குத்தான் அமுக்கினேன். பலகை சரிஞ்சு விழுந்து கால் மாட்டிக்கிச்சு. பம்பு நின்னுடுச்சு. தண்ணி ஏறுது."

"எங்க இருக்கீங்க?"

"ரெண்டாவது பேஸ்மென்ட். பம்புக் குழி."

"எந்த சைட்டு?"



"பொண்ணு வேலை பாக்கற சைட்டு."

அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. காலையில் பூனை முந்திக்கொண்டு பேசியதும் புரிந்தது. கோபப்பட நேரம்தான் இல்லை.

"தண்ணி எவ்வளவு?"

"இடுப்பைத் தாண்டிடுச்சு."

"சத்தம் போட்டீங்களா?"

"மேல கான்கிரீட் மிக்ஸர் ஓடுது. இங்க நான் பாட்டுக் கச்சேரி வெச்சாலும் யாருக்கும் கேக்காது."

இந்த நிலைமையிலும் அந்த வாய் மாறவில்லை. "வெக்காதீங்க," என்றாள் அம்மா. உடனே, "இல்ல, வைங்க. நீங்க வெச்சாத்தான் நான் யாரையாவது கூப்பிட முடியும்."

அதே போனில் மகனின் செல்போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, அது வேனில் கிடந்தது. மகளுடையது அணைந்து கிடந்தது. பக்கவாட்டுப் பட்டன்களுக்கு வந்தாள். கண்ணாடி எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அண்ணன் எழுத்து கண்ணாடி போட்டாலே புரியாது. கைக்கு வந்த பட்டனை அமுக்கினாள்.

"ஹலோ!" என்றது ஒரு வயதான குரல். வேறு எங்கோ ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையின் காவல்காரர்.

"ஐயா, நான் போன்காரப் பையனோட அம்மா பேசறேன்..."

"டெஸ்ட்டாம்மா? கேக்குது, கேக்குது. நல்லா கேக்குது!"

வைத்துவிட்டார்.

அம்மா போனைப் பார்த்தாள்.  அடுத்த பட்டன் அடிக்கவில்லை. அது பூனை ஈரம் துடைக்கக் கழற்றிவைத்திருந்த கேட் போன். அதற்கடுத்ததை அமுக்கினாள். கொரகொரப்பு. அதற்குள்ளிருந்து மகனின் குரல்.

"யாரு? கிரேன்ல போன் சரி பண்ணிட்டிருக்கேன். அப்பறம் கூப்பிடுங்க."

"டேய், நான்தான்டா."

"அம்மாவா? நீ எதுக்கும்மா இதுல கூப்பிடறே?"

"உங்க சைட்டுல ரெண்டாவது பேஸ்மென்ட்ல, பம்புக் குழியில ஆள் மாட்டிக்கிட்டிருக்காரு. தண்ணி ஏறுது. ஓடு."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான் சொன்னாரு."

"எவரு?"

"உங்கப்பாடா."

கொரகொரப்பு மட்டும் வந்தது. கிரேன் உச்சியில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒருத்தர் கெடையாது என்று இப்போதும் சொல்வானோ?

"கேக்குதாடா?"

ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"டேய். கேக்குதா?"

"கேக்குது," என்றான் மகன். வைத்துவிட்டான்.

*

கேட் போனை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த பூனை, கிரேனின் சங்கு ஊதியதும் நிமிர்ந்தாள். அது நிற்காமல் ஊதியது. உச்சியிலிருந்து ஒலிபெருக்கியில் அண்ணனின் குரல், உடைந்து உடைந்து இறங்கி வந்தது. "பேஸ்மென்ட். ரெண்டாவது பேஸ்மென்ட். பம்புக் குழி."

போன் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள்.

அவள் அடித்தளத்துக்குப் போகும் சரிவில் இறங்கியபோது மேஸ்திரியும் நாலைந்து பேரும் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். அப்பாவின் தலையும் தோளும் ஒரு கையும் மட்டும் மேலே தெரிந்தன. அந்தக் கை போனின் சுருள் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் எப்பவும் குழிக்குள்ளதானே நிப்பேன், கைக்கு எட்டற மாதிரி கீழயே மாட்டு," என்று போன வாரம் அவர் கேட்டு, அவள் மாட்டிய போன்.

"வயரை விடுய்யா," என்று கத்தினார் மேஸ்திரி. "அது என்ன உன் பொண்டாட்டி கையா? விடு, தூக்கறோம்!"

அப்பா விட்டார். சங்கிலி போட்டுப் பலகையைத் தூக்கினார்கள். இழுத்து மேலே போட்டபோது அவர் கத்தவில்லை. நர்ஸக்கா காலணியை வெட்டி எடுத்தாள். பூனை பாதத்தைப் பார்த்தாள்; உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

அண்ணன் வந்தான். உச்சியிலிருந்து ஏணியில் இறங்கி, சரிவில் ஓடி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தரையில் கிடந்தவரைப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார்.

"வளந்துட்டே," என்றார் அப்பா.

அண்ணன் அவரைத் தாண்டித் தூணுக்குப் போனான். போனை எடுத்தான். சிவப்பு பட்டனை அமுக்கினான். பாதி மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ரிசீவருக்கு வெளியே கேட்கும்படி ஒரு குரல் துடித்தது.

"எடுத்துட்டாங்களா? டேய், யாரு? ஆளை எடுத்துட்டாங்களா? சொல்லுங்களேன்!"

"எடுத்தாச்சும்மா. உசுரோட இருக்காரு," என்றான். வைத்தான். வைத்த கையை எடுக்காமலே தங்கை பக்கம் திரும்பினான்.

"எப்பலேருந்து தெரியும்?"

பூனை தரையைப் பார்த்தாள்.

"பெட்டியில மாத்தணும்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கீழ வருவே."

   தூக்குப்படுக்கையில் அப்பாவை ஏற்றினார்கள்.

"மறைக்கணும்னு தோணினா வீட்டுல மறைச்சிருக்கலாம்," என்றான் அண்ணன், குரலை உயர்த்தாமல். "தொழில்ல மறைச்சிட்டே. அந்தப் பட்டனை நம்பித்தான் ஒரு ஆள் குழிக்குள்ள எறங்கறான். அவரு யாரா வேணா இருக்கட்டும்." மூச்சு விட்டான். "நாளையிலேருந்து என்கூட வராத."

*

மாலையில் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து வாங்க அண்ணன் கீழே போயிருந்தான். காலையிலிருந்து வாங்க வேண்டியதை எல்லாம் அவன்தான் வாங்கினான். உள்ளே மட்டும் போகவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாதத்துக்கு ரத்தம் போகுதான்னு பாக்கணுமாம். நாளைக்குக் காலைலதான் தெரியுமாம். போகலேன்னா..." பூனை முடிக்கவில்லை.

அம்மா தலையாட்டினாள். 

"ரெண்டு தடவை வெச்சுட்டேன்டி. அவரு தண்ணிக்குள்ள நிக்கறாரு, நான் குழாயை மூடுன்னு சொல்றேன்."

"என்னாலதாம்மா."

"உன்னால பாதி. என்னால பாதி." எழுந்தாள். "அவரால முழுசா."

"கணக்கு இடிக்குதும்மா."

"எங்க வீட்டுக் கணக்கு அப்படித்தான். வா."

அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. காலுக்குமேல் போர்வையைக் கூண்டு மாதிரி தூக்கி வைத்திருந்தார்கள். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறவள் மாதிரி பார்க்கவில்லை. கடையில் கொடுக்கப் போகிற துணியில் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மொதல் தடவையே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உன் குரல் கேட்டுது. சரி, தண்ணி மண்டைக்கு ஏறிடுச்சு, புத்தி பெசகிடுச்சுன்னு நெனச்சேன்."

"ரெண்டாவது தடவை?"

"திட்டினே. நீதான்னு தெரிஞ்சிடுச்சு."

பூனைக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"தெரிஞ்சப்பறமும் பேசல."

 ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி முற்றத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அதையே பார்த்தார்.

"என்ன சொல்லிப் பேச ஆரம்பிக்கறதுன்னு தெரியல," என்றார் கடைசியில். "கால் மாட்டிக்கிச்சு, வந்து காப்பாத்துன்னு உங்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"கேட்டீங்களே."

"தண்ணி இடுப்பைத் தாண்டிடுச்சே."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை மாதிரிதான் துடைத்தாள். பிறகு துணிப்பையைப் பிரித்தாள்.

"இந்தச் சேறு காஞ்ச பனியனோட எவ்வளவு நேரம் கெடப்பீங்க? கையை நீட்டுங்க."

நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. பூனைக்குப் பார்த்ததும் தெரிந்தது. அண்ணனுக்காக அம்மா தைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் மடித்து வைத்தது. அவன் இன்னும் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. நல்ல நாளாப் பாத்துப் போடறேம்மா, நேரமே இல்ல என்று தள்ளிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அது..."

"வீட்டுல ஆம்பள சட்டை வேற யாருது இருக்கு? கைக்கு வந்ததை எடுத்துட்டு வந்தேன்."

ஒரு கையை நுழைத்தாள். அவர் முதுகைத் தூக்கிப் பிடித்து மறு கையை நுழைத்தாள். தோள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அப்பா கைமடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"அளவு எடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"அளவு எடுத்துத்தான் தச்சேன். உங்களுக்கில்ல."

மேலிருந்து பொத்தான் போட ஆரம்பித்தாள். அப்பாவின் கண் அம்மாவைத் தாண்டி வாசலுக்குப் போனது. பூனை திரும்பினாள்.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கையில் மருந்துப் பொட்டலம். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எவ்வளவு கேட்டான் என்றும் தெரியவில்லை. கிரேன் மசகு அப்பிய அவன் பழைய சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஏணியில் இறங்கும்போது எதிலோ மாட்டியிருக்க வேண்டும்.

அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தான். காலரை, தோளை, அம்மாவின் விரல் நின்ற பொத்தானை.

"வாடா, உள்ள வா," என்றாள் அம்மா. "நான் வேற ஒண்ணு தச்சுத் தரேன்டா. நாளைக்கே."

உள்ளே வந்தான். மருந்துப் பொட்டலத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தான். சட்டைப் பையில் கைவிட்டு வேன் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தான். பூனை எழுந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். திட்டானாலும் போதும் என்று இருந்தது. அவன் அவளையும் பார்க்கவில்லை.

திரும்பி நடந்தான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. படியில் இறங்கியது. அம்மாவின் விரல்கள் கடைசிப் பொத்தானிலேயே நின்றுவிட்டன. அவள் வாசலைப் பார்க்கவில்லை. காதை மட்டும் கொடுத்திருந்தாள். அந்த நடை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் கேட்டிருக்கிறாள்.

கட்டிலில் கிடந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கூப்பிடு," என்றார் மகளிடம். "கூப்பிடேன்மா. நீயாவது கூப்பிடு."

பூனை ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் அடைத்த அதே தொண்டை.

கீழே முற்றத்தில், தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளேயே மிதித்து, தன் வேனையும் தாண்டி, அண்ணன் கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தான்.